கால்குலேட்டர் செயலியில் சதவீதக் குறி: 1200 + 5% என்று தட்டினால் 1260 வருவதற்கான முழு வழி

“என்னவே, அஞ்சு பர்சன்ட் ஏத்தச் சொன்னா உம்ம மெஷின் அஞ்சு பைசா ஏத்துது?”

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் சின்ன நகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. நான் எழுதிய கால்குலேட்டர் செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 1200 + 5% என்று தட்டியிருக்கிறார். திரையில் 1200.05. அவர் எதிர்பார்த்தது 1260.

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் என் பக்கம்தான் பேசுவார். 5% என்பது 0.05, அதை 1200-உடன் கூட்டினால் 1200.05. எக்செல்லில் =100+10% என்று போட்டாலும் 100.1 என்றுதான் வரும். ஆனால் கடையில் உட்கார்ந்து “ஆயிரத்து இருநூறு, கூட அஞ்சு பர்சன்ட்” என்று சொல்கிறவர் யாரும் ஐந்து பைசாவை நினைத்துச் சொல்வதில்லை. ‘எதில்’ ஐந்து சதவீதம் என்பது அவர் பேச்சிலேயே இருக்கிறது, குறியில்தான் இல்லை. அதை எப்படி நிரலுக்குள் கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டி. நான் இதை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டும் ஏன் தப்பின என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிரல் துண்டுகளை எந்த மொழியிலும் எழுதிக்கொள்ளும்படி தமிழிலேயே தருகிறேன்.

படி 1: எந்த மெஷின் மாதிரி நடக்கப்போகிறது?

நிரல் எழுதும் முன் இதை முடிவு செய்துவிட வேண்டும். ஏனென்றால் % பட்டனுக்கு உலகம் முழுக்க ஒரே பொருள் கிடையாது.

விண்டோஸின் சாதாரண கால்குலேட்டரில் 100 + 10 தட்டி % அழுத்தினால், அந்த 10 அங்கேயே 100-இன் பத்து சதவீதமாக மாறிவிடும். பிறகு = அழுத்தினால் 110. எக்செல்லில் 100.1 என்று மேலே பார்த்தோம். கேசியோவின் பல மேசைக் கால்குலேட்டர்கள் மூன்றாவது வழியில் போகும். 480 + 25% என்று அழுத்தினால் 600 வராது, 640 வரும். பிழை இல்லை அது. ‘480 ரூபாய் அடக்கம், விற்கிற விலையில் 25 சதவீதம் எனக்கு லாபமாக நிற்க வேண்டும், என்ன விலை வைக்க?’ என்ற கேள்விக்கான விடை. 640-இல் கால்வாசி 160. 640-இல் அதைக் கழித்தால் 480. வியாபாரிக்காகவே யோசித்த வேலை. சும்மா 25% ஏற்ற வேண்டுமென்றால் அந்த மெஷினில் 480 × 25 % + என்று அழுத்த வேண்டும். அப்போது 600 வரும்.

ஆக ஒரே விசைக்கு மூன்று பொருள். அண்ணாச்சியின் கல்லாவில் கிடக்கும் பழைய மெஷின் எது என்று பார்த்தேன். விண்டோஸ் மாதிரியே 110 காட்டுகிற வகை. அவருடைய விரல் அதற்குத்தான் பழகியிருக்கிறது. சரி, கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வலப்பக்கம் % வந்தால் அது இடப்பக்கத் தொகையின் சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். இனி எல்லாமே இந்த முடிவின் மேல்தான்.

படி 2: துண்டு பிரித்தல்

பயனர் தட்டிய கோவையை எண், குறி, அடைப்பு என்று துண்டுகளாக வெட்ட வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. 1,00,000 என்று நம்மூர் முறையில் காற்புள்ளி வைத்து ஒட்டினால் காற்புள்ளியை மட்டும் தூக்கிவிடுங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, % என்றால் நிரலர் மனதில் முதலில் வருவது மீதி. சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் அது மீதி காணும் குறி. அதனால்தான் பயனர் தட்டியதை அப்படியே மொழியின் சொந்த மதிப்பிடும் செயலிடம் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். 1200+5% என்று கொடுத்தால் தொடரமைப்புப் பிழை என்று கத்தும், அது பரவாயில்லை. கை தவறி 1200+5%3 என்று போனால் கத்தாமல் 1202 என்று விடை தரும். ஐந்தை மூன்றால் வகுத்த மீதி 2. கல்லாவில் இந்த மாதிரி அமைதியான தப்புதான் ஆபத்து. என் செயலியில் % எப்போதும் சதவீதம் மட்டுமே. மீதி வேண்டுமானால் தனிப் பட்டன். % முடிந்ததும் நேரே எண்ணோ திறப்பு அடைப்போ வந்தால், ‘இடையில் குறி இல்லை’ என்று நிறுத்திவிடுவேன்.

இரண்டாவது, கழித்தல் குறி. −5 என்பதில் எண்ணுக்கு முன்னால் ஒட்டி வரும் முன்குறியும் 8 − 5 என்பதில் வருவதும் ஒரே எழுத்து, வேலை வேறு. ‘முந்தைய துண்டு ஒரு குறியாக இருந்தால் இது முன்குறி’ என்பது பலரும் எழுதும் விதி. ஆனால் %-உம் ஒரு குறிதானே! 1200 − 10% − 50 என்று வந்தால், கடைசிக் கழித்தலுக்கு முன்னால் இருப்பது %. விதி அதை முன்குறியாக எடுத்துக்கொண்டு, 10%-க்கும் −50-க்கும் நடுவில் குறியைக் காணோம் என்று திணறும். நான் இதில் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்தேன். விதியை இப்படித் திருத்துங்கள்: முந்தைய துண்டு எண், மூடும் அடைப்பு, % ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் அது கழித்தல், இல்லாவிட்டால் முன்குறி.

படி 3: மரம் கட்டுதல்

துண்டுகளை முன்னுரிமைப்படி ஒரு மரமாக அடுக்க வேண்டும்: ஒவ்வொரு குறியும் ஒரு கணு, அது வேலை செய்யும் தொகைகள் அதன் கிளைகள். இதற்கு நல்ல முறைகள் பல உண்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் தந்த ‘ஷன்டிங் யார்டு’ முறை, வாகன் பிராட் 1973-இல் எழுதிய முறை, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செயல் எழுதி மேலிருந்து இறங்கும் முறை. ஷன்டிங் யார்டு என்ற பெயரைக் கேட்டதும் நம்ம ஜங்ஷனில் பெட்டிகளைக் கழற்றித் தடம் மாற்றி மாட்டுவதுதான் நினைவுக்கு வரும். பெயர் அங்கேயிருந்து வந்ததுதான். குறிகளைப் பக்கத்துத் தடத்தில் ஒதுக்கிவைத்து, முறை வரும்போது இழுத்துச் சேர்ப்பது. எதை வேண்டுமானாலும் எடுங்கள்; நான் எடுத்தது மூன்றாவது. சிறிய கால்குலேட்டருக்கு அதுதான் படிக்க எளிது.

```
கூட்டல்நிலை   : பெருக்கல்நிலை, பிறகு ( + அல்லது − , பெருக்கல்நிலை ) எத்தனை முறையும்
பெருக்கல்நிலை : முன்குறிநிலை, பிறகு ( × அல்லது ÷ , முன்குறிநிலை ) எத்தனை முறையும்
முன்குறிநிலை  : − முன்குறிநிலை   அல்லது   பின்குறிநிலை
பின்குறிநிலை  : அடிப்படை, பிறகு % இருந்தால் அது
அடிப்படை     : எண்   அல்லது   ( கூட்டல்நிலை )
```

% ஒரு பின்குறி. தனக்கு முன்னால் இருப்பதை மட்டும் பற்றிக்கொள்ளும், எல்லாவற்றையும்விட இறுக்கமாக. 200 + 50% என்பதில் அது பற்றுவது 50-ஐ. (5 + 3)% என்றால் அடைப்பு முழுவதையும் பற்றும், 8%. 10%% என்று இரண்டு முறை அழுத்தினால் சில செயலிகள் 0.001 தரும். அப்படிக் கணக்குப் போடுகிற ஆளை நான் பார்த்ததில்லை, விரல் நடுங்கி இரண்டு முறை அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பிழை என்றே காட்டுகிறேன்.

கூட்டலும் கழித்தலும் இடமிருந்து வலமாகச் சேர வேண்டும். இது சரியாக இருந்தால் 200 + 50 + 10% என்பதில் 10%-க்கு இடப்பக்கம் 250 முழுதாக வந்து நிற்கும், விடை 275. இதற்கென்று தனியாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

படி 4: மதிப்பிடுதல், மூன்று முயற்சிகள்

முதல் முயற்சி, % கண்ட இடத்தில் நூறால் வகுப்பது. அதன் பலன்தான் ஐந்து பைசா.

இரண்டாவது முயற்சியில், கூட்டல் கணுவுக்கு வந்ததும் வலப்பக்கக் கிளையை எட்டிப் பார்த்தேன். அது சதவீதக் கணுவாக இருந்தால் இடப்பக்கத்தின் அத்தனை சதவீதத்தைக் கூட்டு. இல்லையென்றால் சாதாரணமாகக் கூட்டு. நாலே வரி. 1260 வந்துவிட்டது. 1200 − 10% + 5% என்று தள்ளுபடியும் வரியும் சேர்த்துப் போட்டேன்: 1080, பிறகு 1134. சரியே. மூலத் தொகை 1200-க்கே இரண்டையும் கணக்கிட்டிருந்தால் 1140 வந்திருக்கும். தள்ளுபடி போன மீதிக்குத்தான் வரி என்பதால் 1134-தான் வேண்டியது.

ஒரு வாரம் அண்ணாச்சியிடமிருந்து சத்தமே இல்லை. அப்புறம் கடையில் பில் போடும் பையன் கூப்பிட்டான். 1000 ரூபாய்ச் சாமானுக்கு மத்திய வரி 9%, மாநில வரி 9%. அவன் தட்டியது 1000 + 9% + 9%. வந்தது 1188.10. பில்லில் இருக்க வேண்டியது 1180. இரண்டு வரியும் அந்த ஆயிரத்துக்கே விழ வேண்டும். என் நிரலோ முதல் வரிக்கும் சேர்த்து இரண்டாவது வரியைப் போட்டுவிட்டது.

இதை என் பிழை என்று சொல்ல முடியாது. மேலே தள்ளுபடிக்கும் வரிக்கும் இதே சங்கிலிதான் சரியான விடை தந்தது. ஒரே வடிவக் கோவை, ஓரிடத்தில் அடுக்காக வேண்டும், இன்னோரிடத்தில் பக்கம் பக்கமாக. நிரலுக்கு அது தெரிய வழியில்லை. பையனிடம் “ரெண்டு வரியையும் அடைப்புக்குள்ள போடு தம்பி, 1000 + (9% + 9%)” என்றேன். போட்டான். 1000.0981 வந்தது.

அங்கேதான் என் பிழை. அடைப்புக்குள் இருப்பதும் கூட்டல் கணுதானே. அது ‘0.09-இன் மேல் 9%’ என்று எடுத்து 0.0981 ஆக்கியது. வெளியே இருந்த கூட்டல் தன் வலப்பக்கத்தில் சதவீதக் கணுவைத் தேடியது, அங்கே கூட்டல் கணு நின்றது, சரி சாதாரண எண்தான் போல என்று சேர்த்துவிட்டது. இதே காரணத்தால் 1000 + −10% என்பதும் 999.9 ஆயிற்று. அங்கே நின்றது முன்குறிக் கணு.

கிளையின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்ததுதான் கோளாறு. வர வேண்டிய சேதி மதிப்போடு சேர்ந்தே வர வேண்டும். மூன்றாவது முயற்சியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை வைத்தேன்: ‘எண்’ அல்லது ‘சதவீதம்’. 9% என்பது 0.09 ஆகாது, அது ‘சதவீதம், 9’ என்றே மரத்தில் மேலேறும். நூறால் வகுப்பது கடைசிவரை தள்ளிப்போகும்.

```
கூட்டு(இட, வல):
    இட எண், வல எண்         → எண், இட + வல
    இட எண், வல சதவீதம்     → எண், இட + இட × வல ÷ 100
    இட சதவீதம், வல சதவீதம்  → சதவீதம், இட + வல
    இட சதவீதம், வல எண்      → எண், இட ÷ 100 + வல

எதிர்மறை(அ):
    வகை மாறாது, மதிப்பின் குறி மட்டும் மாறும்

சதவீதமாக்கு(அ):
    அ எண்        → சதவீதம், அ
    அ சதவீதம்    → பிழை
```

கழித்தலும் இதே மாதிரி. இப்போது (9% + 9%) அடைப்புக்குள்ளேயே 18% ஆகி, அடைப்பைத் தாண்டியும் சதவீதமாகவே வெளியே வருகிறது. 1180. −10% என்பது ‘சதவீதம், −10’. 1000 + −10% என்றால் 900. இரண்டு பிழையும் ஒரே அடியில் போயிற்று.

கூடவே ஒன்று நான் கேட்காமலே கிடைத்தது. வரி உள்ளடங்கிய விலை 1180-இலிருந்து 18% வரியைப் பிரித்தெடுக்க எல்லோரும் முதலில் தட்டுவது 1180 − 18%. வருவது 967.60, அடிப்படை விலை 1000 அல்லவா? 1180-இன் 18 சதவீதத்தைக் கழித்தால் இப்படித்தான் ஆகும். 1.18-ஆல் வகுக்க வேண்டும். புதிய விதியில் 1180 ÷ (100% + 18%) என்று தட்டலாம். உள்ளே 118%, விடை 1000. ‘நூறு பங்கும் வரி பதினெட்டுப் பங்கும் சேர்ந்ததுதான் இந்த 1180’ என்று வாயால் சொல்வதே அப்படியே கோவையாகிவிட்டது. பையனுக்கு 1.18-ஐவிட இது எளிதில் புரிந்தது.

மேலே உள்ள கூட்டு விதியின் நாலாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 5% + 1200 என்று தலைகீழாகத் தட்டினால் 1200.05 வரும். ‘அவர் 1260-ஐத்தான் நினைத்திருப்பார்’ என்று ஊகிக்கலாம். நான் ஊகிக்கவில்லை. ஏன் என்று படி 6-இல் வரும்.

படி 5: பெருக்கலும் வகுத்தலும்

இங்கே வேலை குறைவு, தகராறு அதிகம்.

500 × 10% என்றால் 50, எண். 10% × 500 என்றாலும் 50, எண். 500 ÷ 10% என்றால் 5000. 50% × 50% என்றால் 0.25, எண். 20% ÷ 5% என்றால் 4, எண். இதுவரை யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சதவீதத்தை எண்ணால் வகுத்தால்? 1000 + 18% ÷ 2 என்று பில் போடும் பையன் தட்டுவான், பாதி வரி மட்டும் சேர்த்துப் பார்க்க. அவனுக்கு வேண்டியது 1090. ஆக சதவீதம் ÷ எண் = சதவீதம். 18% ÷ 2 என்பது 9%-ஆகவே மேலே போகும்.

அப்படியானால் சதவீதம் × எண் என்பதும் சதவீதமாக வேண்டும்தானே? இங்கேதான் நம்மூர்க் கணக்குகள் இரண்டு மோதுகின்றன.

நகைக் கணக்கு: ஒரு பவுன் 8 கிராம், சேதாரம் 12%, கிராம் விலையைக் கணக்குக்காக 9000 என்று வைப்போம். 12% × 9000 என்றால் அது ரூபாய், 1080. வட்டிக் கணக்கு: ‘நூத்துக்கு ரெண்டு’ என்று ஊரில் சொன்னால் மாதம் இரண்டு சதவீதம். வருஷத்துக்கு 2% × 12, அது 24%. ஐம்பதாயிரம் வாங்கியவர் 50000 + 2% × 12 என்று தட்டினால் 62000-ஐ எதிர்பார்க்கிறார். 9000-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும், ஒன்று ரூபாய், ஒன்று மாதம். நிரலுக்கு இரண்டும் வெறும் எண்.

ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். ‘இத்தனை ரூபாயில் இத்தனை பர்சன்ட்’ என்று கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் சதவீதம் × எண் = எண் என்று வைத்தேன். வகுத்தலில் ஒரு மாதிரி, பெருக்கலில் ஒரு மாதிரி. ஒழுங்கு தப்பியிருக்கிறது என்று எனக்கே தெரியும். வட்டி போடுகிறவர் 50000 + (2 × 12)% என்று தட்டினால் 62000 வந்துவிடும்.

படி 6: எப்படி வாசித்தேன் என்று காட்டுதல்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான்.

அண்ணாச்சி பழைய மெஷினில் நகைக்கு விலை போடும் விதம்: 8 + 12 % × 9000 =. அந்த மெஷின் தட்டத் தட்டக் கணக்கிடுவது. 8-உடன் 12% சேர்த்து 8.96 ஆகிவிடும், அதன் பிறகே பெருக்கல். விடை 80640. அதே விரல் வரிசையை என் செயலியில் தட்டினார். என் செயலி முழுக் கோவையையும் பார்த்து, பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்து, 12% × 9000 = 1080, கூட 8, ஆக 1088 என்றது. ஒரு பவுன் சங்கிலி 1088 ரூபாய்! அந்த விலைக்குக் கொடுத்தால் ஆனித் தேரோட்டத்துக்கு வரும் கூட்டம் மொத்தமும் கடை வாசலில் நிற்கும்.

இதை முன்னுரிமையை மாற்றித் தீர்க்க முயன்றேன். % கொண்ட கூட்டல் மட்டும் பெருக்கலுக்கு முன்பே நடக்கட்டும் என்று வைத்தால் 200 + 50 × 10% போன்றவை குழம்பின. அதை விட்டுவிட்டு, விடைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டேன். மதிப்பிடும்போதே ஒவ்வொரு சதவீதச் செயலும் தான் செய்ததை எழுதிவைத்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் கோத்துக் காட்டினால் போதும்.

```
8 + 12% × 9000
விடை: 1088
   9000-இல் 12% = 1080
   8 + 1080 = 1088

(8 + 12%) × 9000 + 3%
விடை: 83059.20
   8-இல் 12% = 0.96, 8 + 0.96 = 8.96
   8.96 × 9000 = 80640
   80640-இல் 3% = 2419.20, மொத்தம் 83059.20

1000 + 9% + 9%
விடை: 1188.10
   1000-இல் 9% = 90 ;  1090
   1090-இல் 9% = 98.10, 1188.10
```

முதலாவதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “9000-ல எதுக்குவே சேதாரம் போடுது? கிராம்லல்லா போடணும்” என்றார். அடைப்பை அவரே போட்டுக்கொண்டார் (இரண்டாவது கோவை அதுதான், கடைசி 3% நகைக்கான வரி). ‘1090-இல் 9%’ என்ற வரியைக் கண்டதும் பையனும் அப்படியே. ஊகித்து ஊகித்து நான் எழுதிய விதிகளைவிட இந்த வரி அதிகம் உதவியது. 5% + 1200 என்பதை நான் திருத்தாமல் விட்டதற்கும் இதுதான் காரணம்: தட்டியதைத் தட்டியபடியே செய்து, செய்ததைக் காட்டிவிட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். நானாகத் திருத்தினால் எது திருத்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

படி 7: 110.00000000000001

விதி சரியாக இருந்தும் எண் அசிங்கமாக வரலாம். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 100 × 1.1 என்று போட்டுப் பாருங்கள்: 110.00000000000001. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருக்கிறது. நமக்கு 1.1 என்று முடிந்துவிடும் எண் அதற்கு முடியாத தொடர்.

கூட்டு விதியில் இட × (1 + வல ÷ 100) என்று சுருக்கி எழுத ஆசை வரும். எழுதினால் 100 + 10% இந்த வாலோடு வரும். இட + இட × வல ÷ 100 என்று, முதலில் பெருக்கிப் பிறகு வகுத்தால் 100 × 10 ÷ 100 = 10, சுத்தமாக 110. ஆனால் இது பாதி மருந்துதான். பணக் கணக்குக்குத் தசம எண்களைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும் நூலகத்தை எடுங்கள். பெரும்பாலான மொழிகளில் இருக்கிறது.

முழுமையாக்கலை நடுவில் எங்கும் செய்யாதீர்கள், விடையைக் காட்டும் இடத்தில் மட்டும். அதிலும் மொழியின் இயல்பான முழுமையாக்கும் செயலை நம்புமுன் ஒரு முறை சோதியுங்கள். பைத்தானில் 2.5-ஐ முழுமையாக்கினால் 3 வராது, 2 வரும். சரிபாதியாக நின்றால் இரட்டை எண் பக்கம் போவது அதன் வழக்கம். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவோ வரித் தொகையை அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவரும்போது 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்றச் சொல்கிறது. பில்லுக்கு ரூபாயாக்கும் பட்டன் வைப்பதானால் அந்த வழக்கத்தையே கடைப்பிடியுங்கள்.

படி 8: சோதனைப் பட்டியல்

நிரலைத் தொடும்போதெல்லாம் இந்தப் பட்டியலை ஓட்டுகிறேன். ஒவ்வொன்றும் எப்போதோ என்னை மாட்டிவைத்தது அல்லது மாட்டிவைக்கப் பார்த்தது.

```
1200 + 5%                  1260
1200 − 10% + 5%            1134
1200 − 10% − 50            1030
200 + 50 + 10%             275
200 + 50 × 10%             205
1000 + 9% + 9%             1188.1
1000 + (9% + 9%)           1180
1000 + 18% ÷ 2             1090
1000 + −10%                900
−100 + 10%                 −110
1180 − 18%                 967.6
1180 ÷ (100% + 18%)        1000
50000 + (2 × 12)%          62000
(8 + 12%) × 9000 + 3%      83059.2
8 + 12% × 9000             1088
10%%                       பிழை
17 % 5                     பிழை
```

−100 + 10% மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். கடன் நூறு, பத்து சதவீதம் கூடினால் கடன் நூற்றிப்பத்து, ஆகவே −110. −90 என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. கீழ்வரி அவர்களுக்கு ‘−100-இல் 10% = −10’ என்று சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். கோவையின் இறுதி விடையே சதவீதமாக நின்றால், உதாரணமாக வெறும் 9% + 9%, அதை 18% = 0.18 என்று இரண்டு விதமாகவும் காட்டுங்கள். அடுத்து, விடை வந்த பிறகு = பட்டனை மறுபடி அழுத்தினால் கடைசிச் செயலைத் திரும்பச் செய்யும் பழக்கம் மெஷின்களில் உண்டு. 1200 + 5% = 1260; மறுபடி அழுத்தினால் 60 ரூபாயை ஏற்றி 1320 ஆக்குவதா, 5 சதவீதத்தை ஏற்றி 1323 ஆக்குவதா? கூட்டு வட்டி பார்க்கிறவருக்கு 1323 வேண்டும். நான் சதவீதத்தையே நினைவில் வைத்தேன்.

போன மாதம் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கணக்கில் தப்பில்லை. விலையைக் காட்டப் போனை வாடிக்கையாளர் பக்கம் திருப்பினால், அவர்கள் விடையைப் பார்ப்பதில்லையாம், கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் படிக்கிறார்களாம். “0.96 கிராம் சேதாரமா, கொறைங்க அண்ணாச்சி” என்று பேரம் அங்கேயிருந்தே தொடங்குகிறதாம். “அந்த வரிய மறைக்க ஒரு பட்டன் வையும் வே” என்றார். வைத்துக் கொடுத்தேன். செயலியைத் திறக்கும்போது அந்த வரி தெரிகிற மாதிரியே வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அவர் ஒவ்வொரு முறையும் மறைத்துக்கொள்ளட்டும்.